நிலாவெளியில் ஐந்து நாள் பிள்ளைகள் முகாம்: பொறுப்பாளராகப் போகிறேன், என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சாம்பல்தீவாள்

எல்லோருக்கும் வணக்கம். வயது 21, கம்பஸில் இரண்டாம் வருடம். ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் முகாம் ஒன்று நடக்கிறது. தங்கி நிற்கும் முகாம். 8 வயதிலிருந்து 13 வரை, ஏறக்குறைய 60 பிள்ளைகள். ஒரு குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். 12 பெண் பிள்ளைகள், எல்லோரும் சின்னவர்கள்.

கடிதத்தில் பதவியின் பெயர் 'கேம்ப் கவுன்சிலர்'. அம்மா வாசித்துவிட்டு, "எந்தக் கட்சியில நிக்கிறாய்?" என்று கேட்டார். அம்மம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகாம் என்றால் அவருக்குத் தறப்பாளும் தண்ணீர் வரிசையும் நிவாரண அரிசியும்தான். "ஆசைப்பட்டு ஆரும் முகாமுக்குப் போவாங்களா பிள்ளை?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் வீட்டில் இப்போது அதற்குப் பெயர் 'பிள்ளைகளின் சுற்றுலா'.

கொப்பியில் 27 விளையாட்டு எழுதி வைத்திருக்கிறேன். கிளித்தட்டில் தொடங்கிக் கெந்தித்தொடு வரை. இன்னும் என்ன தேவை? முன்பு இப்படி நின்றவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சாரணன்

தங்கச்சி, 27 வேண்டாம், ஏழு போதும். அந்த ஏழில் நாலைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

விளையாட்டு ஓடுகிற நேரம் உங்களுக்கு ஓய்வு நேரம் மாதிரி. பிள்ளைகளுக்கு அப்போது நீங்கள் தேவையே இல்லை. தலையிடி வருவது இடையில்: விளையாட்டு முடிந்து சாப்பாட்டு மணி அடிக்கும் வரையான பதினைந்து நிமிடம், குளிக்க வரிசையில் நிற்கும் நேரம், பஸ்சுக்குக் காத்திருக்கும் நேரம், விளக்கு அணைத்த பிறகு வரும் ஒரு மணித்தியாலம். பிள்ளை தள்ளுப்படுவதும், சண்டை பிடிப்பதும், வீட்டை நினைத்து அழுவதும், காணாமல் போவதும் அங்கேதான். கொப்பியில் அந்த இடைநேரங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இருந்த இடத்திலேயே செய்யக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள்: விடுகதை, பாட்டு, கைதட்டுத் தாளம்.

இன்னொன்று. தலையை எண்ணாதீர்கள், பெயரைச் சொல்லி எண்ணுங்கள். ஒருமுறை கோணேசர் கோயிலுக்குப் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு இறங்கிவருகிறேன். பிரெட்ரிக் கோட்டை வாசலில் எண்ணினேன், 14. சரி, எல்லோரும் நிற்கிறார்கள். பஸ்சில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பதினான்கில் ஒருவன் அடுத்த குழுப் பெடியன். என்னுடைய ஆள் எங்கே? கோட்டைக்குள் ஒரு கடைக்குப் பின்னால் குந்தியிருந்து, மான் ஒன்று சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீட்டைச் சப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிடத்தை இருபது வருடமாகியும் மறக்கவில்லை.

மூலைக்கடை

அண்ணை, மானையும் சேர்த்து எண்ணியிருந்தால் 15 வந்திருக்கும்.

மருந்துப்பெட்டி

தாதி உத்தியோகத்தர். இப்படியான முகாம்களுக்கு நாலைந்து தடவை போய் நின்றிருக்கிறேன். விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, மற்றதைச் சொல்கிறேன்.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன ஒவ்வாமை, என்ன மருந்து, இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா என்று பெற்றோர் எழுதிக் கையொப்பமிட்ட தாளை வாங்குங்கள். "பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்று வாயால் சொல்வது காணாது. இழுப்புள்ள பிள்ளையின் பம்ப் பையின் அடியில் கிடக்கக்கூடாது. அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஓகஸ்ட் மாதம் கச்சான் காற்று. காய்ந்த சூடு, வியர்வை தெரியாது, பிள்ளைகள் தண்ணீர் கேட்கவும் மாட்டார்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீங்களே குடிக்க வையுங்கள். தலையிடி, சத்தி, சோர்வு என்றால் முதலில் நிழல், பிறகு தண்ணீர். ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புத் தூள்) பக்கெட் ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரைக் கோப்பையில் கரைத்துக் கொடுத்துவிட்டு "பிள்ளை குடிக்குதில்லை" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது மயங்கினால், கதை குழறினால், அங்கேயே நின்று ஓடிக்கொலோன் பூசிக்கொண்டிருக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

அப்புறம் இரவு. எட்டு வயதில், ஒன்பது வயதில் பாயை நனைக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். வீட்டில் நனைக்காத பிள்ளை கூடப் புது இடத்தில் நனைக்கலாம். படுக்கப் போகும் முன் எல்லோரையும் கக்கூசுக்குக் கூட்டிப் போங்கள். ஒரு பிள்ளையை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் மற்றவர்களுக்கு விளங்கிவிடும். மேலதிகமாக மூன்று பெட்சீட், இரண்டு கவுன் ஒரு பையில் கட்டி உங்கள் தலைமாட்டில் வையுங்கள். விடிய நாலரைக்கு எழும்பி ஒரு சுற்று. நனைந்திருந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, ஈரத்துணியை உங்கள் துணியோடு சேர்த்துத் துவைத்துக் காயப் போடுங்கள். காலையில் கொடியில் பெட்சீட் ஏன் தொங்குகிறது என்று யாராவது கேட்டால், "நான் தேத்தண்ணி ஊத்திப்போட்டன்" என்பதுதான் பதில்.

சாம்பல்தீவாள்

மருந்துப்பெட்டி அக்கா, இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கடிதத்தில் 'தலைமைத்துவப் பண்பு', 'ஆளுமை விருத்தி' என்றுதான் இரண்டு பக்கம் இருக்கிறது.

ஏரிக்கரை

நான் ஓர்ஸ் ஹில் ஆள். படிக்கிற காலத்தில் இரண்டு கோடை அமெரிக்காவில் இதே வேலை செய்தேன். ஜே-1 என்று ஒரு விசா. 18 வயது கடந்தவர்களைக் கேம்ப் கவுன்சிலராக நான்கு மாதம் வரை எடுப்பார்கள். அங்கே இது ஒரு பழைய பழக்கம். கனெக்டிகட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் 1861இல் மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனதிலிருந்து கணக்குச் சொல்வார்கள். கோடை விடுமுறை நீளம், தாய் தகப்பன் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் ஏரிக்கரையில் மரக் கேபினில் வாரக்கணக்கில் நிற்பார்கள். கவுன்சிலரும் அதே கேபினில்தான் படுக்கை.

பிள்ளைகள் வருவதற்கு முன்பு எங்களுக்குத் தனியாகப் பயிற்சி வைத்தார்கள். அதில் விளையாட்டு ஒரு பிற்பகல் மட்டும். மற்றதெல்லாம் எண்ணுவது, பார்ப்பது, தனியே நிற்காமல் இருப்பது. அங்கே முகாம்களுக்கான சங்கம் ஒன்று வைத்திருக்கும் அளவு: இரவு தங்கும் முகாமில் 6 முதல் 8 வயது என்றால் ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 14 என்றால் எட்டுப் பிள்ளைக்கு ஒருவர். உங்களுக்கு 12 பேர், அதுவும் சின்னவர்கள் என்கிறீர்கள். இரண்டாவது ஆள் ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

தனியே நிற்காமல் இருப்பது என்றால் இதுதான்: ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கவே கூடாது. அழுகிற பிள்ளையோடு கதைப்பதென்றாலும் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், வாசற்படியில், மரத்தடியில். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

பழைய சாரணன்

இதைச் சாரணர் இயக்கத்தில் எப்போதோ சொல்லித் தந்துவிட்டார்கள். பேடன் பவல் 1907இல் பிரவுன்சீத் தீவில் 20 பெடியன்களோடு போட்டதுதான் எங்களுக்கு முதல் முகாம். இலங்கைக்கு அது 1912இல், மாத்தளைக்கு, வந்துவிட்டது. அமெரிக்கா வரை போகத் தேவையில்லை.

ஏரிக்கரை

1861 முந்தியா 1907 முந்தியா, அண்ணை?

பழைய சாரணன்

வயதில் மூத்தவனோடு கணக்குப் பார்க்காதே தம்பி.

இரண்டு பிள்ளைத்தாய்

நான் மற்றப் பக்கத்திலிருந்து கதைக்கிறேன். போன வருடம் என் மகனை ஒரு முகாமுக்கு விட்டேன், இடம் சொல்ல மாட்டேன். மூன்று நாள் ஒரு அழைப்பும் இல்லை. போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பொறுப்பாளருக்கு எடுத்தால், "பிள்ளை சந்தோசமாக இருக்கிறான் அம்மா" என்று ஒரே வசனம். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் காலில் கொப்புளம் சீழ் கட்டியிருந்தது. செருப்பு வெட்டியிருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. அவனும் சொல்லவில்லை. சந்தோசமாகத்தான் இருந்தானாம்.

ஆகவே தங்கச்சி, இரவில் ஒரு தடவை அம்மாவோடு கதைக்க விடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

பழைய சாரணன்

உங்கள் கோபம் நியாயம். ஆனால் இரவுப் போன் மட்டும் வேண்டாம். பகல் முழுக்க ஓடித் திரிந்த பிள்ளை, அம்மாவின் குரலைக் கேட்டதும் உடைந்துவிடும். ஒரு பிள்ளை அழுதால் அறையே அழும். பிறகு பதினொரு மணிக்கு ஒரு அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து நிற்பார்.

மருந்துப்பெட்டி

போனை விட மோசமான ஒன்று இருக்கிறது. "பிடிக்காட்டி சொல்லு, அப்பா உடனே வந்து கூட்டிப் போறன்" என்று சொல்லி அனுப்புவது. வீட்டு ஏக்கத்தைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையில் இதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு விளங்குவது, 'உன்னால் இது முடியாது என்று அப்பாவே நினைக்கிறார்' என்பதுதான். முதலே அம்மம்மா வீட்டிலோ மாமி வீட்டிலோ இரண்டு இரவு தங்கிப் பழக விடுவது நல்லது என்றும் அதில் இருக்கிறது. அது நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

அம்மாமார் ஒரு கடிதம் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். மூன்றாம் நாள் பிள்ளைக்கு அதைக் கொடுப்பார்கள். "நீ இல்லாமல் வீடு வெறிச்சோடிக் கிடக்கு" என்று மட்டும் எழுதக்கூடாது.

மற்றப்படி, கால் பார்ப்பது பொறுப்பாளரின் வேலைதான். படுக்க முன் எல்லோரும் காலைக் கழுவி நீட்டியிருக்க, டோர்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். முள், கொப்புளம், தொட்டாற்சிணுங்கிக் கீறல். பார்க்கும்போதே பிள்ளைகள் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்லாததைக் காலைப் பார்த்தால் சொல்வார்கள்.

இரண்டு பிள்ளைத்தாய்

சரி, போனை விடுகிறேன். ஆனால் பொறுப்பாளர் பகலில் ஒரு செய்தி போடலாமே. "சந்தோசம்" என்று இல்லாமல், "மத்தியானம் கத்தரிக்காய் சாப்பிடவில்லை, இரண்டு தரம் பருப்பு வாங்கினாள்" என்று. அப்படி ஒரு வசனம் வந்தால் எனக்கு நித்திரை வரும்.

கொட்டியாரக்குடா

கடலுக்கு விடுவார்களா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நான் மூதூர்ப் பக்கம், அப்பா கடற்றொழில். சீசனுக்கு நிலாவெளியில் படகு ஓட்டுகிறேன்.

ஓகஸ்டில் நம் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக்காலம் மாதிரி அலை இல்லை என்று எல்லோரும் நம்பி இறங்குவார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: கச்சான் மேற்கிலிருந்து வரும் காற்று. அதாவது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அதனால்தான் கரையோரம் தட்டையாக இருக்கிறது. ஆனால் ஒரு பந்தோ ரப்பர் வளையமோ தண்ணீரில் விழுந்தால் அது திரும்பி வராது, வெளியே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை அதன் பின்னால் ஒரு எட்டு, இன்னும் ஒரு எட்டு என்று போகும். இடுப்பு, நெஞ்சு, கழுத்து. ஆகவே கடற்கரையில் பந்து விளையாட்டு என்றால் கடலுக்கு முதுகு காட்டி, மணலில் உள்ளே தள்ளி வைத்து விளையாட விடுங்கள். காற்றடித்த வளையம், மிதவை எதுவும் கடலுக்குள் வேண்டாம். போன பந்து போகட்டும், 300 ரூபாய்ப் பந்து.

பிள்ளைகள் இறங்கினால் பொறுப்பாளர்கள் கரையில் நின்று கூப்பிடுவதில் பிரயோசனம் இல்லை. பெரியவர்கள் கடல் பக்கம் இடுப்பளவில் வரிசையாக நின்று கரையைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் உங்களுக்கும் கரைக்கும் நடுவில் முழங்காலளவில். தண்ணீரில் தாழ்கிற பிள்ளை படத்தில் வருவது மாதிரிக் கையை ஆட்டிக் கத்தாது. வாய் தண்ணீர் மட்டத்தில், தலை பின்னால் சரிந்து, சத்தமே இல்லாமல் நிற்கும். சிரித்துக் கூத்தடிக்கிற பிள்ளையை விடுங்கள். திடீரென்று அமைதியான பிள்ளையைப் பாருங்கள்.

புறாமலைத் தீவுக்குக் கூட்டிப் போவதாக இருந்தால் உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம், "பக்கம்தானே, ஒரு கிலோமீற்றர்தானே" என்பார்கள். அங்கே பவளப்பாறையில் கால் வைக்கக்கூடாது. பாறைக்கும் நல்லதில்லை, காலையும் வெட்டும். சொறி (ஜெலி மீன்) பட்டால் மண் போட்டுத் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவுங்கள்.

ஏரிக்கரை

இதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஏரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீரில் ஒரு சோடி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீண்ட விசில். விசில் கேட்டால் சோடிகள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒற்றைக் கை தெரிந்தால் உடனே எல்லோரும் வெளியே. பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டு, எங்களுக்கு எண்ணிக்கை.

சாம்பல்தீவாள்

கொட்டியாரக்குடா அண்ணா, காற்றின் திசை எனக்கு உறைத்ததே இல்லை. சாம்பல்தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலை யாரும் கடலென்று கதைப்பதில்லை, 'அங்கால' என்றுதான் சொல்வார்கள். நான் பிறந்தது அதற்கு அடுத்தடுத்த வருடங்களில். முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை.

கொட்டியாரக்குடா

அப்படியென்றால் கடல் பக்கம் நிற்கும் வரிசையில் நீங்கள் நிற்க வேண்டாம் தங்கச்சி. நீந்தத் தெரிந்தவர்கள் நிற்கட்டும். கரையில் சோடி எண்ணுங்கள், அதுவும் வேலைதான். முகாம் நடத்துபவர்களிடம் "எனக்கு நீந்தத் தெரியாது" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கிண்ணியாக்காரன்

பிள்ளைகள் எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்களா? திருகோணமலையில் ஒரு முகாம் என்றால் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்று பகுதியும் இருக்க வாய்ப்பு உண்டு. 2009இல் பாலம் திறக்கும் வரை நாங்கள் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் படகில்தான் டவுனுக்கு வந்தோம். டவுன் பிள்ளைகளைப் பாடசாலைப் போட்டியில் தவிரக் கண்டதே இல்லை. ஆகவே எனக்கு இந்த முகாம்கள் பிடிக்கும்.

சமையலை முதலே பேசுங்கள். ஹலால் இறைச்சியை வாங்கித் தனிப் பாத்திரத்தில் சமைத்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பெரிய பெடியன்கள் ஜும்ஆவுக்குப் போவார்கள், அன்றைக்கே சைவப் பிள்ளைகள் மச்சம் சாப்பிட மாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம். பிரச்சினை முடிந்தது.

பிள்ளைகளை ஊர் ஊராகப் படுக்க விடாதீர்கள். முதல் நாள் இரவே கலந்து பாய் போடுங்கள். மொழி விளங்காத பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். கிளித்தட்டுக்கு மொழி தேவையில்லை, எல்லே அடிக்கவும் தேவையில்லை. மொழி தேவைப்படுவது சண்டை பிடிக்கத்தான். அதற்கு ஓரிரு நாள் எடுக்கும்.

மூலைக்கடை

அப்ப, சொல்வழி கேட்காத பிள்ளைக்கு என்ன செய்வது? எங்கள் காலத்தில் தோப்புக்கரணம்.

மருந்துப்பெட்டி

உங்கள் காலம் போய்விட்டது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. முகாமில் மட்டும் முழங்காலில் வைக்கலாமா? யாராவது பிள்ளைக்குக் கை ஓங்குவதையோ அதைவிட மோசமான எதையோ கண்டால், தங்கச்சி, "பெரியவர்தானே" என்று பார்க்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. அந்த நாலு இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கேட்காத பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர்ப் போத்தல் பொறுப்பு, விசில் பொறுப்பு. பெரும்பாலும் அது போதும்.

ஏரிக்கரை

சம்பளம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையே?

சாம்பல்தீவாள்

சான்றிதழ். பஸ் காசு தருவோம் என்றார்கள்.

பழைய சாரணன்

ஐந்து நாள், இரவும் பகலும், 12 பிள்ளைகள், பஸ் காசு. சரி. ஆனால் ஒன்று: மத்தியானத்தில் உங்களுக்கு ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குங்கள், வேறு ஒருவர் பார்க்க நீங்கள் படுக்க. மூன்றாம் நாள் பொறுப்பாளர்கள்தான் முதலில் எரிந்து விழுவார்கள், பிள்ளைகள் இல்லை.

சாம்பல்தீவாள்

முகாம் முடிந்து மூன்று நாள். இப்போதுதான் நித்திரை தீர்ந்தது. வரிசையாக எழுத முடியவில்லை, நினைவு வருகிற மாதிரி எழுதுகிறேன்.

இரண்டாவது ஆள் கேட்டேன், தந்தார்கள். நீந்தத் தெரியாது என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மாறாக இன்னும் மூன்று பேர் கையை உயர்த்தினார்கள், அவர்களுக்கும் தெரியாதாம். கடல் பக்கம் நிற்க ஆள் காணாது என்று அப்போதுதான் நடத்துபவர்களுக்கு விளங்கியது. பக்கத்துக் கடற்கரையிலிருந்து நீந்தத் தெரிந்த இரண்டு அண்ணாமாரைக் கூப்பிட்டார்கள். இந்த இழை இல்லாவிட்டால் நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருப்பேன்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பஞ்சும், காலாவதியான மருந்து ஒன்றும், கத்தரிக்கோல் ஒன்றும் இருந்தன. கத்தரிக்கோல் வெட்டவில்லை. நானும் மற்ற அக்காவும் எங்கள் காசில் நிலாவெளிச் சந்தியில் வாங்கி நிரப்பினோம். பில்லைக் கொடுத்திருக்கிறேன், காசு இன்னும் வரவில்லை.

கன்னியாவில் ஒரு முற்பகல். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு என்று சொல்லிவிட்டு, எது கூடச் சூடு என்று கையை விட்டுப் பார்த்து வரிசைப்படுத்தச் சொன்னேன். அரை மணித்தியாலம் ஓடும் என்று நினைத்தேன். ஒன்றரை மணித்தியாலம் ஓடியது. கடைசியில் இரண்டு பிள்ளைகள் வாளித் தண்ணீரை மாறி மாறித் தலையில் ஊற்றி நிரூபிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி தமிழ், மற்றவள் சிங்களம். இரண்டு பேரும் அவரவர் மொழியில் கத்தினார்கள். கிண்ணியாக்காரர் அண்ணா, உங்கள் கணக்குப் பிழை. சண்டைக்கும் மொழி தேவையில்லை.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்த்தோம், திமிங்கிலம் தெரியும் என்று யாரோ சொன்னதால். தெரியவில்லை. ஆனால் ஒருத்தி தனக்கு மட்டும் தெரிந்ததாகச் சொன்னாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நானும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். இறங்கும்போது ஒவ்வொரு பெயராகச் சொல்லி எண்ணினேன், மான்கள் இருந்த இடத்தில் இரண்டு தரம்.

பெட்சீட் இரண்டு இரவு தேவைப்பட்டது. இரண்டாம் முறை விடிய நாலரைக்கு நான் மாற்றிக்கொண்டிருக்க, பக்கத்துப் பாய்ப் பிள்ளை கண்ணை விழித்துப் பார்த்தாள். நான் உறைந்துபோனேன். அவள் ஒன்றும் சொல்லாமல் தன் தலையணையைத் தூக்கி அந்தப் பிள்ளையின் பக்கம் தள்ளிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதே பிள்ளைதான் காலையில் கொடியைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "அக்கா இரவிலயும் தேத்தண்ணி குடிக்கிறா."

மூன்றாம் நாள் நான் எரிந்து விழுந்தேன். சவர்க்காரம் ஒன்று தொலைந்ததற்கு. பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

தினமும் மத்தியானம் 12 வீட்டுக்கும் ஒவ்வொரு வசனம் வட்ஸ்அப்பில் போட்டேன். ஒரு அப்பா மட்டும் "பருப்பு இரண்டு தரமா, எங்கட பிள்ளைதானா அது?" என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டு பிள்ளைத்தாய்

வாசித்துவிட்டு மகனின் காலைப் போய்ப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

பழைய சாரணன்

27 விளையாட்டில் எத்தனை விளையாடினீர்கள்?

சாம்பல்தீவாள்

ஐந்து.

இப்போது ஒரு உதவி. எட்டு வயதுப் பிள்ளை ஒருத்திக்கு நாலாம் நாள் பால்பல் விழுந்தது. கூரையில் எறியலாம், அணிலைக் கூப்பிடலாம் என்றேன். முகாம் கூரை வேண்டாமாம், இங்கே எறிந்தால் புதுப் பல்லை அணில் எங்கே கொண்டுவந்து தரும், தன் வீடு அதற்குத் தெரியாதே என்றாள். அதுவும் சரிதான். கவனமாக வைத்திருங்கள் என்று என்னிடம் தந்தாள். போகிற அவசரத்தில் அவளும் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். பல் என்னிடம் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. பிள்ளை மூதூர்ப் பக்கம். அம்மாவோடு கதைத்தேன், அவளும் ஒரு நாளாகத் தேடுகிறாளாம்.

கொட்டியாரக்குடா

சனிக்கிழமை டவுனுக்கு வருகிறேன். பஸ் நிலையத்தில் தாருங்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அம்மாவிடம் மட்டும் முதலே சொல்லி வையுங்கள், தீப்பெட்டியோடு வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன நினைப்பார்களோ.

மூலைக்கடை

எங்கள் வட்டாரக் கவுன்சிலருக்குத் தெரு விளக்குக்கு எழுதிக் கொடுத்து இரண்டு வருடம். இந்தக் கவுன்சிலர் ஒரு பல்லுக்கு ஆள் தேடுகிறார்.

சாம்பல்தீவாள்

சனிக்கிழமை பத்து மணி, அண்ணா. சிவப்புக் குடையோடு நிற்பேன்.